ஒன்பது நிமிடம்

ஜூலை முதல் திங்கள், காரைக்குடி.
புள்ளியியல், முதலாமாண்டு, அறை பதினேழு.
பாடத்திட்டத்தின் முதல் வரி
'சராசரி: வரையறையும் பண்புகளும்.'
ஒன்பது வருடம் அந்த வரியில்தான் தொடங்கினேன்.
ஒன்பது வருடமும் கடைசி பெஞ்சு
என்னைப் பார்த்தபடியே எங்கோ போய்விட்டது.

இந்த முறை புத்தகத்தைத் திறக்கவில்லை.
இரண்டாம் மணிநேரம், எல்லோரும் வந்த பிறகு,
'இன்று உங்கள் பஸ் எத்தனை நிமிடம் லேட்?
துண்டுத்தாளில் எழுதுங்கள்.
பெயர் வேண்டாம், ஊர் போதும்.'

அறுபத்திரண்டு தாள்.
கோட்டையூர், சைபர்.
பள்ளத்தூர், நான்கு.
கானாடுகாத்தான், பதினொன்று.
கழனிவாசல், நடந்து வந்தேன், சைபருக்குக் கீழே போடலாமா மிஸ்?
கல்லல், முப்பத்தைந்து.
கல்லல், முப்பத்தைந்து.
கல்லல், முப்பத்தைந்து, நின்றுகொண்டே.
இப்படிப் பதினான்கு கல்லல்.

கூட்டினோம், வகுத்தோம். ஒன்பது.
'ஒன்பது நிமிஷம்தானே' என்றது முன்வரிசை.
பின்னால் ஒரு கை எழுந்தது, பாதி உயரத்துக்கு.
சேவுகமூர்த்தி.
ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இரண்டு சொல்லில் நின்று,
உட்காரப் போனான்.
'தமிழ்ல சொல்லு.'

'அந்த ஒன்பது யாருக்கும் நடக்கலை மிஸ்.
எங்களுக்கு முப்பத்தஞ்சு.
மத்தவங்க நிறையப் பேருக்கு சைபர்.
ஒன்பது நிமிஷம் லேட்டா வந்தவன்
இந்த வகுப்புலயே கிடையாது.'

அலகு ஒன்றின் கடைசிப் பக்கம் அது.
நான் அங்கே போய்ச்சேர ஆகஸ்ட் ஆகும்.

அன்றிரவு பழைய மதிப்பெண் பதிவேடுகளை இறக்கினேன்.
வாரத் தேர்வு, காலை ஒன்பது பத்து.
காலையில் மனம் தெளிந்திருக்கும் என்று
நானே வைத்த நேரம்.
சைபர், சைபர், வரவில்லை, சைபர்.
விரலை இடப்பக்கம் நகர்த்தி ஊரைப் படித்தேன்.
கல்லல். கல்லல். கல்லல்.
ஓரத்தில் சிவப்பு மையில்
என் கையெழுத்து:
ஆர்வமில்லை.

அதை அடிக்கப் பேனாவை எடுத்தேன்.
அடித்து யாருக்குக் காட்ட?
அவர்கள் படிப்பை விட்டோ முடித்தோ
போய்விட்டார்கள்.

தேர்வை டீ இடைவேளைக்கு அப்புறம் தள்ளினேன்.
பலகையில் இடைநிலை என்றும் மீடியன் என்றும்
பக்கம்பக்கமாக எழுதினேன்.
குழு விவாதம் என்று திட்டத்தில் போட்டது
குழு மௌனமாக முடிந்தது, இரண்டு முறை.
மூன்றாம் முறை நானே வெளியே போய் நின்றேன்;
உள்ளே சத்தம் கேட்டது.

உமையாளுக்குப் பலகை வெறும் பனிமூட்டம்.
அவளுக்காக அட்டையில் ஒரு வரைபடம்:
நூல் ஒட்டிய அச்சு,
ஆளுக்கொரு புளியங்கொட்டை.
சைபரில் ஒரு குன்று. பதினொன்றுவரை உதிரிகள்.
பிறகு விரல் போகிறது, போகிறது,
முப்பத்தைந்தில் பதினான்கு கொட்டை உயரத்தில் இடித்துக்கொள்கிறது.
'ஒன்பது எங்கே?' என்றாள்.
விரலைப் பிடித்து வைத்தேன்.
வெறும் அட்டை.
அதற்குப்பின் கண்ணுள்ளவர்கள் எல்லாம்
கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

'சிலபஸ் முடிஞ்சுடுமா?' என்றார் துறைத்தலைவர்.
தெரியாது என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.
ஐந்தாம் அலகு இன்னும் தொடவில்லை.

மூன்று வாரக் கணக்கை
மாணவர்களே டிப்போவுக்கு அனுப்பினார்கள், வரைபடத்தோடு.
பதில் இல்லை.

ஆனால் ஒரு வியாழன்
கல்லல் பஸ் என்னவோ நேரத்துக்கு வந்துவிட்டது.
நான் உள்ளே நுழையும்போது
பதினான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்,
முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு.
பலகையில், சாக்பீஸ் தூள் இன்னும் உதிர,

செக்காலை, ஐந்து.

என் ஊர். என் ஸ்கூட்டர். என் ஐந்து நிமிடம்.
'கணக்குல சேத்துக்கலாமா மிஸ்?'